காயத்துக்குப் பிறகு 800, 1500 மீட்டர் பயிற்சிக்குத் திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விடியற்காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஓடுகிறவர்கள் இருப்பார்கள். குறுவட்டப் போட்டிக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகள், போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் முயலும் இளைஞர்கள், கல்லூரி வீராங்கனைகள். அவர்களில் யாராவது ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கணைக்காலைத் தடவிக்கொண்டிருப்பார். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. நடுத்தூர ஓட்டப் பயிற்சியில் கூடவே இருப்பவன். என்ன காயம் என்று கண்டறிந்து சிகிச்சை சொல்வது மருத்துவரின் வேலை. அது முடிந்த பிறகு மைதானத்துக்கு எப்படித் திரும்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வலி சுத்தமாகப் போய்விட்டது. நாளைக்கே ஓடலாமா?

நடக்கும்போது வலி இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. நடையில் தாங்கிய கால் ஓட்டத்திலும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் ஓடுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். 40 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போதும் வலி இல்லையா என்று கவனியுங்கள். படிக்கட்டின் விளிம்பில் காயம்பட்ட காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். 20 முறை வர வேண்டும். மற்றக் காலில் எத்தனை முறை வருகிறதோ அதற்கு அருகிலாவது வர வேண்டும். கடைசியாக, அந்த ஒற்றைக் காலில் நின்ற இடத்திலேயே பத்துத் தடவை குதியுங்கள். மூன்றிலும் வலி இல்லை என்றால் அடுத்த கேள்விகளுக்கு வரலாம். ஒன்றில் தவறினாலும் இன்னும் ஒரு வாரம் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை வாரம் ஆகும்?

எது காயப்பட்டது என்பதைப் பொறுத்தது. தொடைத் தசை லேசாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு, மூன்று வாரத்தில் மெதுவாக ஓடத் தொடங்கிவிடலாம். கணுக்கால் ஜவ்வு பாதி கிழிந்திருந்தால் ஒன்றரை மாதம்கூட ஆகும். கணைக்கால் எலும்பில் விரிசல் என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓட்டமே கிடையாது. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், போட்டியில் நிற்க மூன்று, நான்கு மாதம் ஆகிவிடும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண், அதாவது பிள்ளைகள் ‘குதிகால் நரம்பு’ என்று சொல்வது, மாதக்கணக்கில் பொறுமையைக் கேட்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் அதைச் சுற்றியே இருக்கிறது. திரும்பி வரும்போது மூச்சுதான் முதலில் தயாராகும். தசை அதற்குப் பின்னால் வரும். எலும்பும் தசைநாணும் கடைசியில்தான் வரும். மூன்றாவது வாரத்தில் “இன்றைக்கு நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு சுற்றுப் போகலாம்” என்று தோன்றுவது மூச்சின் பேச்சு. எலும்பு அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. மறுபடி காயப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

முதல் நாள் எவ்வளவு ஓட வேண்டும்?

இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுவோட்டம். இதை எட்டு முறை. அவ்வளவுதான். மறுநாள் ஓட வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை வலியில்லாமல் முடித்த பிறகு நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். ஒன்றுக்கு ஒன்று, பிறகு இரண்டு நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை, பிறகு ஐந்துக்கு ஒன்று. இப்படி நிற்காமல் 30 நிமிடம் ஓடும் நிலைக்கு வர நான்கு வாரம் ஆகலாம். எலும்புக் காயம் என்றால் ஆறு வாரமும் ஆகும்.

பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகம் போதும். 800 மீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு இந்த வேகம் அவமானமாக இருக்கும். சின்னப் பையன்கள்கூட முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரிந்துகொள்ள மட்டும்.

ஓடும்போது லேசாக வலிக்கிறது. உடனே நிறுத்த வேண்டுமா?

எலும்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். விரிசல் ஏற்பட்டு ஆறிய இடத்தில் எந்த வலிக்கும் அனுமதி கிடையாது. அன்றைக்கு அதோடு வீட்டுக்கு நடந்து போங்கள்.

தசையும் தசைநாணும் வேறு மாதிரி. பத்துக்கு எவ்வளவு என்று வலிக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று அளவில் இருந்து, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலையில் முந்தின நாள் இருந்த நிலைக்கே வந்துவிட்டால் தொடரலாம். கூடினாலும், காலையில் எழும்போது விறைப்பு அதிகமாக இருந்தாலும் போன கட்டத்துக்கு இறங்குங்கள். இதைக் ‘காலைச் சோதனை’ என்று வைத்துக்கொள்வோம். கீழே பல இடங்களில் வரும்.

வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், கால் நொண்டத் தொடங்கினால் அந்த ஓட்டம் முடிந்தது. நொண்டி ஓடினால் நன்றாக இருக்கும் காலும் கெடும்.

வெறும் ஷின் பெயினா, எலும்பில் விரிசலா? எப்படித் தெரிந்துகொள்வது?

தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கீழ்ப்பாதியில் ஒரு சாண் நீளத்துக்கு மந்தமாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் பெயின், அதாவது விரிசல் இல்லாத கணைக்கால் வலி. எங்கேயும் வலிக்காமல் வந்து, ஒரே ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் விரல் பட்டவுடன் காலை இழுத்துக்கொள்கிறீர்கள் என்றால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஷின் பெயின் ஓட்டத்தின் தொடக்கத்தில் வலித்து, உடம்பு சூடானதும் மங்கும். விரிசல் ஓட ஓடக் கூடும். முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எலும்பு விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் தெரியாமலே போகலாம். “எக்ஸ்-ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள்” என்று ஓடத் தொடங்கிவிடாதீர்கள். நாணய அளவு வலி அப்படியே இருந்தால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். இடுப்பு மடிப்பில், கணைக்கால் எலும்பின் முன்பக்க நடுவில், பாதத்தின் மேற்புறத்தில் இப்படி வலித்தால் தள்ளிப்போடவே கூடாது. அங்கெல்லாம் விரிசல் முழு முறிவாக மாறும் ஆபத்து அதிகம்.

தாத்தா புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடச் சொல்கிறார். பாட்டி சுளுக்கு வழித்தால் போதும் என்கிறார். என்ன செய்வது?

நம் பக்கத்தில் எலும்பு என்றாலே ஆந்திரத்துப் புத்தூர் பெயர்தான் பெரியவர்கள் வாயில் வரும். அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அவர்களிடம் மரியாதையாகவே பேசுங்கள். ஆனால் ஓட்டக்காரருக்கு வரும் எலும்பு விரிசல், விழுந்து கை முறிவது போன்றதல்ல. எலும்பு இடம் மாறியிருக்காது. சேர்த்துக் கட்ட எதுவும் இல்லை. அதற்குத் தேவை பாரத்தைக் குறைப்பதுதான். இறுக்கமாகக் கட்டிவிட்டு, கட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் நடமாடுவதில்தான் கெடுதல். கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

சுளுக்கு வழிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: கணுக்கால் பிரண்டு வீங்கியிருக்கும் முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது. கிழிந்த ஜவ்வில் இரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, இவை போதும். கணுக்கால் எலும்பின் பின்பக்க விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ, நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு பாட்டி மெதுவாகத் தைலம் தடவிவிட்டால் தடையில்லை.

ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் ஸ்டாமினா எல்லாம் போய்விடாதா?

நீங்கள் பயப்படும் அளவுக்குப் போகாது. முதல் பத்து நாளில் பெரிய மாற்றம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல்தான் குறைவது தெரியும். முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, அது திரும்பியும் சீக்கிரம் வந்துவிடும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர் இரண்டு, மூன்று மாதம் முழுவதும் சும்மா இருந்தால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய 15 சதவீதம் இறங்கலாம். சும்மா இருந்தால்தான் அந்தக் கணக்கு.

சைக்கிள் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியே போதும். இருக்கையைக் கால் ஏறக்குறைய நீளும் அளவுக்கு உயர்த்திக்கொண்டு, 3 நிமிடம் முழு மூச்சாக, 2 நிமிடம் மெதுவாக என்று ஆறு முறை மிதித்துப் பாருங்கள், மைதானத்தில் வரும் அதே மூச்சிரைப்பு வரும். கிணறு இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிடவும் நல்ல வழி உண்டு. இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், நிமிர்ந்த உடலோடு ஓடுவதைப் போலவே கைகால்களை இயக்குவது. எலும்பில் துளிப் பாரம் இல்லை, இதயத்துக்கோ முழு வேலை. உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரர்களும் காயக் காலத்தில் நீச்சல் குளத்தில் இதைத்தான் செய்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். கரையில் நீச்சல் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது, ஒரு நாளும்.

தார்ச் சாலையா, மண்ணா, டிராக்கா? எங்கே தொடங்குவது?

சமமான மண். பள்ளி மைதானம் அல்லது மேடுபள்ளம் இல்லாத ஏரிக்கரைப் பாதை. கல் பரப்பிய வண்டித்தடம் கணுக்கால் காயக்காரருக்கு ஆகாது. தார்ச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே ஓரமாகப் போய்க்கொண்டிருந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடுப்பும் முழங்காலும் அதற்குப் பதில் சொல்லும். நம் இரண்டு ஊர்களையும் ஒட்டிப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருட்டில் ஓடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, அது கூடாது.

மலைப்பாதையில் ஆசை இருக்கும். ஏற்றம் எலும்பின் மேல் விழும் அதிர்ச்சியைக் குறைக்கும், ஆனால் கெண்டைச்சதையையும் குதிகால் தசைநாணையும் இழுக்கும். இறக்கம் முழங்காலையும் கணைக்கால் எலும்பையும் அடிக்கும். எனவே எலும்பு, முழங்கால் காயம் என்றால் ஏறி ஓடி, நடந்து இறங்குங்கள். தசைநாண் காயம் என்றால் கடைசிக் கட்டம் வரை ஏற்றமே வேண்டாம்.

டிராக்கில் எல்லோரும் இடப்பக்கமாகவே சுற்றுவதால் வளைவுகளில் இடது காலின் உழைப்பும் வலது காலின் உழைப்பும் வேறுவேறாகின்றன. மெதுவோட்டத்தில் பாதி நேரம் எதிர்த்திசையில், வெளி லேனில் ஓடுங்கள்.

நான் வெறுங்காலில்தான் ஓடிப் பழகியவன். இப்போது ஷூ போடச் சொல்கிறார்கள்.

சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடியிருந்தால் மெதுவோட்டத்தை அப்படியே தொடரலாம். பாத எலும்பில் விரிசல் வந்தவர் மட்டும் ஷூ போட்டே தொடங்க வேண்டும். யாராக இருந்தாலும், காயம் ஆறிக்கொண்டிருக்கும்போது ஷூவிலிருந்து வெறுங்காலுக்கோ வெறுங்காலிலிருந்து ஷூவுக்கோ ஒரே நாளில் மாறாதீர்கள்.

வேகப் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? 800 ஓடுகிறவனுக்கு மெதுவோட்டம் மட்டும் போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் நடுத்தூர ஓட்டம் மாரத்தானிலிருந்து வேறுபடுகிறது. 30 நிமிடம் நிற்காமல் ஓடினால் மாரத்தான்காரர் பாதி கிணறு தாண்டிவிட்டார். நமக்கு அதற்கு மேல் வேகம் வேண்டும். வேகம் கூடும்போது தசைநாணிலும் தொடையின் பின்தசையிலும் விழும் இழுப்பு பல மடங்கு கூடும். ஆகவே தாவக் கூடாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

30 நிமிட மெதுவோட்டம் இரண்டு வாரம் காலைச் சோதனையில் தேறிய பிறகு, ஓட்டத்தின் முடிவில் நேர்க்கோட்டில் 60, 80 மீட்டர் தூரத்தை நான்கு முறை ஓடுங்கள். முழு வேகத்தில் பத்தில் ஏழு பங்கு போதும். வளைவு வேண்டாம், திரும்பி நடந்து வாருங்கள். அடுத்த வாரத்தில் ‘சிரமப்பட்டால் இரண்டு வார்த்தை பேசலாம்’ என்ற வேகத்தில் 5 நிமிடம் மூன்று தடவை. அதுவும் இரண்டு வாரம் தேறினால் டிராக்குக்கு வாருங்கள்.

டிராக்கில் முதல் வேலை 200 மீட்டர்கள். முன்பு 1500 மீட்டரை 4 நிமிடம் 30 விநாடியில் ஓடியவருக்கு அந்த வேகத்தில் 200 மீட்டர் 36 விநாடி. அந்த 36 உங்களுடைய பழைய உடம்பின் கணக்கு. இப்போது 39-இல் தொடங்குங்கள். ஆறு முறை, நடுவில் 200 மீட்டர் நடை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு நாள். 38, 37 என்று தானாக இறங்கி வந்த பிறகு 300, 400 மீட்டராக நீட்டலாம். 800 மீட்டர் வேகம் அதற்கும் பிறகு. ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி, எல்லாவற்றுக்கும் கடைசி: அதில் குதிகால் உயரம் குறைவு, கெண்டைச்சதை திடீரென்று நீள வேண்டியிருக்கும். முதல் நாள் கடைசி இரண்டு ஓட்டத்துக்கு மட்டும் ஸ்பைக்ஸ் மாட்டுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பளு வேலையும் உண்டு. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, நண்பர் குதிகால்களைப் பிடித்துக்கொள்ள, முழங்காலிட்டு முன்பக்கம் மெதுவாகச் சாய்வது. கடைசியாகச் சொன்னது தொடையின் பின்தசைக் காயம் திரும்ப வராமல் தடுப்பதில் நல்ல பலன் தருவது. வேகப் பயிற்சி உள்ள அன்றே மாலையில் இதைச் செய்துவிட்டால் மறுநாள் முழு ஓய்வு கிடைக்கும்.

வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம் என்று சொல்கிறார்களே?

கடைப்பிடிக்க எளிது, ஆனால் அதுவே வேதம் அல்ல. வாரத்துக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அரைக் கிலோமீட்டர் கூடுவது மிகக் குறைவு. 60 ஓடுகிறவருக்கு 6 கூடுவது சில சமயம் அதிகம். வார மொத்தத்தைவிட ஒரே நாளில் பெரிதாகத் தாண்டுவதுதான் காலை அடிக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு ஓடினீர்களோ, அதைவிட மிகக் கொஞ்சமே கூடுதலாக இன்றைய ஓட்டம் இருக்கட்டும். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார்களே?

மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது பதறுகிறது. அந்த மாத்திரை விரிசலை ஆற்றாது, விரிசல் கூப்பிடும் குரலை மட்டும் அடக்கும். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளும் வலியைக் கேட்டுத்தான் நடக்கின்றன; மாத்திரை போட்டுவிட்டுச் செய்தால் எந்தச் சோதனைக்கும் பொருளில்லை. வெயிலில் உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஊசி என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. குதிகால் தசைநாணில் அதைப் போட்டால் நாண் பலவீனமாகி அறுந்துபோகும் அபாயம் உண்டு. இன்னொரு பக்கம், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிப்படி 2022 ஜனவரி முதல் குளுக்கோகார்ட்டிகாய்டு எனப்படும் இந்த வகை ஸ்டீராய்டு ஊசிகள் எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. டிராமடால் என்ற வலி மருந்தும் 2024 ஜனவரி முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவர் “நான் ஓட்டப் பந்தய வீரர்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு. காயம் இப்போதுதான் ஆறியது. என்ன செய்வது?

முதலில் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முன்பு 5 நிமிடத்தில் ஓடியவருக்கு இது கிட்டத்தட்ட மெதுவோட்டம். 30 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால், வேகப் பயிற்சியே இல்லாமல் தேறிவிடலாம். தயவுசெய்து அன்றைக்கு முதலாவதாக வரப் பார்க்காதீர்கள். 6 நிமிடம் 40 விநாடியில் வந்தாலும் தேர்ச்சி தேர்ச்சிதான்.

ராணுவத் தேர்வு வேறு. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் அந்த ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். சுற்றுக்கு ஏறக்குறைய 82 விநாடி. எலும்பு விரிசல் ஆறி ஒரு மாதத்தில் அந்த வேகத்தைத் தொட முயல்வது ஆபத்து. வயது வரம்பு இடம் கொடுத்தால் அடுத்த முகாமுக்குக் காத்திருங்கள். இதைச் சொல்வது எளிது, வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் தேர்வு மைதானத்தில் எலும்பு முறிந்தால் போவது அந்த ஒரு முகாம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வரும் மருத்துவப் பரிசோதனையும் சேர்ந்துதான்.

என் மகளுக்கு இரண்டாவது முறையாக எலும்பு விரிசல். சாப்பாட்டில் குறையா?

இருக்கலாம். அம்மாக்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பது. ஓடத் தொடங்கியதால் நின்றுபோனது இயல்பு என்று சிலர் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். அந்த நிலையில் எலும்பும் வலுவிழக்கும். மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் மாவட்டங்களில் எலும்புக்கு நல்ல உணவைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியும் கீரையும் முட்டையும் நிலக்கடலையும் வீட்டிலேயே உண்டு. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, ஒரு டீயோடு பள்ளிக்குப் போய், மதியம் வரை பட்டினி கிடந்தால் எந்தக் களியும் காப்பாற்றாது. ஓடி முடித்த அரைமணி நேரத்துக்குள் கூழோ, வாழைப்பழமும் பாலுமோ வயிற்றுக்குள் போக வேண்டும். ஹீமோகுளோபினும் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை; சீக்கிரம் மூச்சு வாங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை போடும்போது கூடவே டீ குடிக்க வேண்டாம், சத்து உடம்பில் சேராது.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். அதனால்தான் எலும்பு வலியா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பல ஆண்டுகள் அதிகமாகச் சேர்ந்தால் மூட்டு விறைப்பும் எலும்பு வலியும் வரும். எலும்பு பார்வைக்கு அடர்த்தியாக இருந்தாலும் உறுதி அந்த அளவுக்கு இருக்காது.

ஒரு காலில் ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் அது ஓட்டக் காயம். இரண்டு பக்க மூட்டுகளும் முதுகும் விறைத்து, பல்லிலும் பழுப்புக் கறை இருந்தால் மருத்துவரிடம் ஃபுளோரைடைப் பற்றிக் கேளுங்கள். எப்படியானாலும் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.

மகனுக்கு 13 வயது. முழங்காலுக்குக் கீழே முண்டு மாதிரி வந்து வலிக்கிறது.

வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான். எலும்பு வேகமாக நீளும் வயதில், தொடைத் தசையின் நாண் எலும்பில் ஒட்டும் இடத்தை இழுத்து இழுத்து அங்கே புடைக்கிறது. குதிகாலிலும் இப்படி வரும். வளர்ச்சி முடிந்ததும் வலி அடங்கிவிடும். அதுவரை ஓட்டத்தை முழுவதும் நிறுத்த வேண்டாம், குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்தால் போதும். 100, 800, நீளம் தாண்டுதல் என்று மூன்றுக்கும் அந்தப் பிள்ளையின் பெயரைக் கொடுக்காதீர்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

காயம் ஆறிவிட்டது, எல்லாச் சோதனையும் தேறியது. ஆனால் வேகமாக ஓடப் பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது இயல்பு. அது பெரும்பாலும் காலடியில் தெரியும். விடியற்காலையில் மைதானம் அமைதியாக இருக்கும்போது காய்ந்த மண்ணில் ஓடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘தப், தப்’ என்று சமமாக வந்தால் சரி. ‘தப், தொப்’ என்று ஒரு கால் கனமாக விழுந்தால், மற்றக் காலுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஓடுகிறவருக்கே அது தெரிவதில்லை. கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஓசை சமமாகும் வேகத்துக்கு இறங்கி, இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். ஒற்றைக் காலில் குதிக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் காலின் மேல் நம்பிக்கை சீக்கிரம் திரும்பும்.

இப்படிப்பட்ட காயத்துக்குப் பிறகு பழையபடி ஓடியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எலும்பு விரிசலோடு ஓடினார். மறு ஆண்டு ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தகுதிச் சுற்றிலேயே குதிகால் தசைநாண் காயத்தால் நின்றுபோனார். அதே ஏதென்ஸில் 2004 ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 34. கென்யாவின் டேவிட் ருடிஷா 2012-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். அடுத்த ஆண்டே முழங்கால் காயத்தால் உலக சாம்பியன்ஷிப்பைத் தவறவிட்டார். 2015-இல் உலகப் பட்டத்தையும் 2016-இல் ஒலிம்பிக் தங்கத்தையும் மீண்டும் வென்றார். ஆனால் 1:40.91-ஐ மறுபடி அவர் தொடவில்லை. பழைய நேரம் வராமலே பெரிய போட்டிகளை வெல்ல முடியும் என்பதையும் கவனியுங்கள்.

மறுபடி அதே இடத்தில் வலி வந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

எல்லாக் காயத்துக்கும் அப்படித் தேவையில்லை. தசை, தசைநாண் என்றால் மூன்று நாள் நிறுத்தி, காலைச் சோதனை தேறியதும் இரண்டு கட்டம் கீழே இறங்கித் தொடருங்கள். எலும்பு என்றால் மறுபடி மருத்துவர்தான்.

அதோடு பயிற்சி நோட்டை எடுத்து, வலி வந்த நாளுக்கு முந்தின பத்து நாளைப் பாருங்கள். புதிய ஷூ, ஸ்பைக்ஸ், ஏற்றம், ஓட்டத்தோடு மாலையில் விளையாடிய கபடி, தேர்வுக்காகக் கண்விழித்த இரவுகள்: ஏதாவது ஒன்று மாறியிருக்கும். நோட்டு எழுதும் பழக்கம் இல்லை என்றால் இன்றே தொடங்குங்கள். தேதி, நிமிடம், வலிக்கு மதிப்பெண், தூங்கிய நேரம், இவ்வளவு போதும்.

முதல் போட்டிக்கு 800-ஆ, 1500-ஆ?

தொடையின் பின்தசையில் காயம் பட்டவர் 1500-இல் தொடங்குவது நல்லது. அதில் உச்ச வேகம் குறைவு. 800-இல் முதல் வளைவு முடிந்து எல்லோரும் உள் லேனுக்கு வரும்போது நடக்கும் நெரிசலும் திடீர் வேகமும் ஆறிய தசைக்கு ஆகாது. எலும்புக் காயக்காரருக்கு எதுவானாலும் பரவாயில்லை, ஒரே நாளில் தகுதிச் சுற்றும் இறுதியும் இல்லாத போட்டியாகப் பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுங்கள். மாவட்டப் போட்டிகளில் கடைசியாக நடப்பது 4x400 ரிலே. ஓடி முடித்து, உடம்பு ஆறி, கால் விறைத்து உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆள் குறைகிறது என்று வந்து கூப்பிடுவார்கள். இந்தப் பருவத்தில் ரிலே ஓட மாட்டேன் என்று அணி ஆசிரியரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.